வாட்ச்மேன் நோட்டில் ஏறிய மென்பொருள்

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் கிடங்கின் சர்வரில் மென்பொருள் நிறுவப் போயிருந்தேன். தொளதொளத்த நீலச் சட்டைக்குள் ஒல்லியாக நின்ற வாட்ச்மேன், உள்ளே போகும் எதையும் நோட்டில் எழுதாமல் விடமாட்டார். மென்பொருள் ஒயர் வழியாக வரும் என்றேன்.

"எதுல வந்தா இன்னா சார்? அவரு கூட யாரு வராங்கோ?"

புதிய பதிப்பு நாற்பது துணை மென்பொருள்களை இழுத்துக்கொண்டு வரும், பழையது தனியாக வரும் என்றேன்.

"தனியா வர்றவர வுடு சார். கும்பலா வந்தா பேஜாரு."

எனக்கும் அது சரியாகவே பட்டதால் பழையதையே நிறுவினேன். கிளம்பும்போது பேனாவோடு வந்தார்.

"அவரு எப்போ வெளிய வருவாரு?"

"வரமாட்டார். இனி இங்கேயேதான்."

"பர்மனென்ட்டா? நான் பதினோரு வருசமா கான்ட்ராக்ட்ல கீறேன் சார்" என்றபடி எழுதிக்கொண்டார்.

அவர் கேலி செய்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.