ஒரு துண்டு மிஞ்சுகிறது

என் அக்காவுக்கு எங்கள் தெருவில் சி.ஐ.டி. என்று பெயர். வைத்தவன் நான். அதையும் அவள் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டாள்.

அவள் வேலை அப்படி. இடிபட்ட வண்டிகளைப் போய்ப் பார்த்து, வண்டிக்காரர் சொல்கிற கதை உண்மைதானா என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். நாய் குறுக்கே ஓடியது என்று ஒருவர் சொன்னால் நாயின் நிறத்தைக் கேட்பாள். பேச்சை எங்கெங்கோ சுற்றிவிட்டு மறுபடியும் நாயின் நிறத்தைக் கேட்பாள். நிறம் மாறினால் ஆள் தொலைந்தார். இது ஆபீஸோடு நின்றால் பரவாயில்லை. வீட்டிலும் அதே கண்தான். தலைவலி என்று நான் படுத்தால் நெற்றியைத் தொட்டுப் பார்க்க மாட்டாள். அன்று வீட்டில் ஒட்டடை அடிக்கிற முறை யாருடையது என்று பார்ப்பாள்.

அவள் நிம்மதியாக இருக்கிற இடம் வீட்டின் பின்னறை. அங்கே பிளாஸ்டிக் பிளாக்குகளை வைத்து ஓடுகிற வண்டிகள் கட்டுவாள். குழந்தைகள் விளையாட்டு என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனவர்கள் வாயை மூடிக்கொண்டுதான் வெளியே வருவார்கள். மோட்டார், பேட்டரிப் பெட்டி, இழுப்பறை இழுப்பறையாகப் பல்சக்கரங்கள். ரிமோட்டில் கட்டைவிரலை நகர்த்தினால் முன்சக்கரம் திரும்பும், கியர் மாறும், கிரேன் கயிறு இறங்கி என் செருப்பைத் தூக்கும். கட்டி முடித்த பிறகு மேசையில் ஒரே ஒரு பிளாஸ்டிக் ஆணி மிஞ்சிக் கிடந்தாலும் முழு வண்டியையும் பிரித்துவிடுவாள். வெளியே ஒரு துண்டு மிஞ்சினால் உள்ளே ஒரு ஓட்டை இருக்கிறது என்று அர்த்தமாம். பிரித்துப் பார்த்தால் இருக்கும். அதுதான் எரிச்சல்.

அத்தான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். நெடுநெடுவென்று உயரம், எந்த நிலைப்படியிலும் குனிந்துதான் நுழைவார். சண்டை போடத் தெரியாது. அக்கா பத்துக் கேள்வி கேட்டால் ஒன்றுக்குப் பதில் சொல்லிவிட்டு மீதிக்குச் சிரிப்பார். இத்தனை வருடம் குடும்பம் ஓடியதே அந்தச் சிரிப்பில்தான். போன மாதம் அது நின்றுபோயிற்று.

எங்கள் தெரு சரிவானது. பேக்கரியில் இரவு வேலை முடிந்து ஒரு காலை நான் வந்தபோது, அக்காவின் கார் பின்னோக்கிப் போய்ப் பக்கத்து வீட்டு மதில்சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. செங்கல் உதிர்ந்து, ஒரு பின்விளக்கு நொறுங்கியிருந்தது. தூக்கம் கலையாத முகத்தோடு அக்கா நடுத்தெருவில் நின்றாள். கழுவுவதற்காக விடியற்காலையில் காரைக் கொஞ்சம் நகர்த்தினேன், ஹேண்ட்பிரேக் போட மறந்துவிட்டேன், உருண்டுவிட்டது என்றார் அத்தான். தப்பு என் மேல்தான் என்று அவள் கேட்பதற்கு முன்பே சொன்னார்.

அங்கேதான் மாட்டிக்கொண்டார். கேட்காமலே தப்பை ஒத்துக்கொள்கிறவரை அக்கா நம்பவே மாட்டாள். சின்னத் தப்பைக் கையில் கொடுத்துவிட்டுப் பெரிய தப்பை முதுகுக்குப் பின்னால் ஒளித்துவைப்பார்கள் என்பது அவள் கண்ட அனுபவம். கார்க் கதவைத் திறந்தாள். ஓட்டுகிற சீட் ஸ்டியரிங்கோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அக்கா குள்ளம், அவள் அப்படித்தான் இழுத்துவைத்து ஓட்டுவாள். அத்தான் அதில் ஏறினால் முழங்கால் தாடையில் இடிக்கும். அத்தான் காரை ஓட்டவே இல்லை.

முந்தின ராத்திரி காரை நிறுத்தியது அக்கா. "நான் ஹேண்ட்பிரேக் போட்டேன்" என்றாள். அதையும் யாரும் கேட்கவில்லை. ஆகவே அவள் கணக்குப்படி வேறு யாரோ ஏறிப் பிரேக்கை எடுத்திருக்கிறார்கள். குள்ளமான யாரோ. அந்த யாரோவை அத்தான் மறைக்கிறார்.

அத்தான் கடையில் கண் பரிசோதிக்கிற பெண் என்ன உயரம் என்று என்னிடம் கேட்டாள். பேச்சை எங்கோ கொண்டுபோய்விட்டு மறுபடியும் கேட்டாள். எனக்கும் அந்த வியாதி தொற்றிக்கொண்டது. கடைக்குப் போய், தேவையில்லாமல் கண்ணைச் சோதித்துக்கொண்டு, அந்தப் பெண் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தேன். குள்ளம்தான். எனக்குக் கண்ணாடி தேவை என்பதும் தெரிந்தது.

அடுத்தது நாற்காலி. பக்கத்து வீட்டுப் பெரியவர் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் அந்தச் சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வருகிறவர்களைப் பார்ப்பார். கை உடைந்து கயிறு கட்டிய பழைய வெள்ளை நாற்காலி. இப்போது அதே இடத்தில் புத்தம்புது நீல நாற்காலி. சுவரை இடித்ததற்கு அவர் சண்டைக்கு வந்திருக்க வேண்டும், வரவில்லை. அத்தானைக் கண்டால் சிரித்தார், அக்காவைக் கண்டால் வானத்தைப் பார்த்தார். ஒருநாள் இரண்டு பேரும் சுவரோரம் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா தலை தெரிந்ததும் மழை வருமா வராதா என்று ஆரம்பித்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

"ஒரு துண்டு மிஞ்சுதுடா" என்றாள் அக்கா என்னிடம். "கார் சுவர்ல இடிச்ச கதையில நாற்காலி எங்கேருந்து வந்துச்சு?"

அத்தானிடம் நேராகவே கேட்டாள். நான்தான் பிரேக் போட மறந்தேன் என்பதையே அவர் திரும்பவும் சொன்னார், சிரிக்காமல். அன்றே அக்கா துணிமணிகளை எடுத்துக்கொண்டு மாடியில் என் போர்ஷனுக்கு வந்துவிட்டாள். அவர் சொல்வது பொய் என்று அவர் முகத்துக்கு நேராக நிரூபித்துவிட்டு, ஒரேயடியாகப் போய்விடப் போவதாகச் சொன்னாள். சொன்னால் செய்கிறவள். எனக்குப் பயமாக இருந்தது. கீழே அத்தான் தன் ஒரு தட்டைத் தானே கழுவுகிற சத்தம் மாடிவரை கேட்கும். அவர் மேல் கோபமாகவும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

பின்னறையிலிருந்து பிளாக்குகள் கூடை கூடையாக மேலே வந்தன. எங்கள் காரையே கட்டினாள். சக்கரத்தைத் திருப்ப ஒரு மோட்டார், மேட்டில் ஏற்ற இன்னொரு மோட்டார். ஏறி நின்றதும் ஒரு பல்சக்கரம் விலகி நியூட்ரலுக்கு வர வேண்டும், அப்போதுதான் தானாக உருளும். கனம் சரியாக விழவில்லை என்று பேட்டரிப் பெட்டியை முன்னும் பின்னும் மாற்றிக்கொண்டே இருந்தாள். பழைய கதவுப் பலகை ஒன்றைத் தெருவின் சரிவுக்குச் சாய்த்தாள். ஓரத்தில் நடைபாதை விளிம்பைக் கட்டி, பெரியவர் வீட்டு வாசலுக்கு முன்னால் அது தாழ்ந்திருப்பதையும் அளந்து தாழ்த்தி, சுவரை எழுப்பினாள். நிறுத்திய இடத்திலிருந்து தானாக உருண்டால் கார் அந்தச் சுவருக்கு வராது, யாராவது ஓட்டினால்தான் வரும் என்று காட்டுவது அவள் திட்டம்.

ஞாயிற்றுக்கிழமை அத்தானை மேலே கூப்பிட்டாள். சாட்சிக்கு நான்.

சரிவில் கார் நிறுத்துவது பற்றி அக்கா எங்களுக்குப் பாடமே எடுத்திருக்கிறாள். பள்ளத்தைப் பார்த்து நிறுத்தினால் முன்சக்கரத்தை நடைபாதைப் பக்கம் திருப்ப வேண்டும், மேட்டைப் பார்த்து நிறுத்தினால் தெருப் பக்கம் திருப்ப வேண்டும். பிரேக் விட்டாலும் விளிம்பு பிடித்துக்கொள்ளும். அத்தான் எந்தப் பக்கமும் திருப்ப மாட்டார். அக்கா தினமும் பள்ளத்தைப் பார்த்துத்தான் நிறுத்துவாள். கார் இடிபட்டதற்கு முந்தின ராத்திரி மட்டும் மேல் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்ததால், கீழ்வழியாக வந்து மேட்டைப் பார்த்து நிறுத்தியிருந்தாள்.

குட்டிக் கார் முனகிக்கொண்டு பலகையில் ஏறி நின்றது. முதலில் சக்கரத்தை நேராக வைத்து விட்டாள். நேரே பின்னால் உருண்டு பலகைக்குக் கீழே விழுந்தது. நீங்கள் நிறுத்தியிருந்தால் இப்படிப் போயிருக்கும் என்றாள் அத்தானிடம். அடுத்து, சக்கரத்தைத் தெருப் பக்கம் திருப்பி விட்டாள். கொஞ்சம் உருண்டதும் முன் டயர் விளிம்பில் உரசி நின்றுவிட்டது. நான் நிறுத்தினது இப்படி என்றாள்.

"தானா உருண்டு சுவருக்கு வர வழியே இல்ல. இப்பச் சொல்லுங்க. யார் ஓட்டினது?"

அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், இன்னொரு பக்கமும் திருப்பிப் பார்த்துவிடலாமே என்றேன். மேட்டைப் பார்த்து நிறுத்துகிற எந்த முட்டாளாவது அப்படித் திருப்புவானா என்றாள். ஆனாலும் ஒரு சோதனையைப் பாதியில் விடுகிற ஆள் இல்லை அவள். முன்சக்கரம் நடைபாதைப் பக்கம் திரும்பியது. பல்சக்கரம் விலகியது. கார் பின்னால் உருண்டு, வால் நடைபாதைப் பக்கம் வளைந்து, தாழ்ந்த விளிம்பில் ஏறிச் சுவரில் இடித்தது. நிஜக் காரில் பின்விளக்கு நொறுங்கிய அதே மூலை.

அக்கா காரை ஏற்றி இன்னொரு தரம் விட்டாள். அதே மூலை.

தினமும் பள்ளத்தைப் பார்த்து நிறுத்துகிற கை, பழக்க தோஷத்தில் நடைபாதைப் பக்கமே திருப்பியிருக்கிறது. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் ஒருத்திக்குத்தான் உண்டு. குள்ளமும் அவள்தான். தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

"பிரேக்?" என்றாள். குரல் இறங்கியிருந்தது.

"பாதிதான் தூக்கியிருந்தே. ராத்திரி பூரா தாங்கியிருக்கு, விடியறப்ப விட்டுடுச்சு. சத்தம் கேட்டு ஓடி வந்து நான்தான் முழுசாத் தூக்கினேன்."

"நாற்காலி?"

"நசுங்கிப்போச்சு. நீ வர்றதுக்குள்ள எடுத்து ஒளிச்சுட்டேன்."

"அவரு?"

"கண்ணாடியை உள்ளே வெச்சுட்டு வந்துட்டாரு. அதை எடுக்கப் போயிருந்தாரு. உட்கார்ந்திருந்தவரு எழுந்து போன அந்த நேரம்."

அக்கா கையிலிருந்த ரிமோட்டைக் கீழே வைத்தாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை.

"அடுத்தவங்க தப்பு பண்ணினாலே உனக்கு ஆறு மாசம் தூக்கம் வராது" என்றார் அத்தான். "இது தெரிஞ்சா நீ எப்பத் தூங்குவே?"

அக்கா விறுவிறுவென்று கீழே இறங்கினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். பெரியவர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். கார் விஷயத்தில் தப்பு என்னோடது என்று அவரிடம் சொன்னாள். தெரியும்மா, சொல்ல வேண்டாம்னு உன் வீட்டுக்காரர் கேட்டுக்கிட்டாரு, என்று சொல்லிக்கொண்டே பெரியவர் எழுந்தார். முதல்ல நீ உட்காரு என்று நீல நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். அவள் அதில் உட்கார்ந்து அழுதாள். அக்கா அழுது நான் பார்த்ததில்லை.

அங்கிருந்து பார்த்தால் மேட்டில் எங்கள் கார் தெரியும். பழுது பார்த்து முந்தின நாள் அவள்தான் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள். எங்கள் பின்னாலேயே இறங்கி வந்த அத்தான் அதற்குப் பக்கத்தில் வந்து நின்றார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஹேண்ட்பிரேக் போட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள்.

"போட்டிருக்கு" என்றார் அத்தான், நின்ற இடத்தை விட்டு அசையாமல்.

"பார்க்காமலே சொல்றீங்க."

"நேத்து நிறுத்தினது நீதானே."

அக்கா எழுந்து போய்ப் பார்க்கவில்லை.