சுவரை ஒட்டி நின்ற லாரி

ஷெட் வெள்ளைச்சாமி அண்ணன் இறந்துவிட்டார் என்ற செய்தி எங்கள் தெரு வாட்ஸப் குழுவில் வந்தபோது நான் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். நெஞ்சுவலியாம். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டதாம். ஒவ்வொருவராகக் கைகூப்பும் படத்தைப் போட்டார்கள். நானும் ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று தட்டினேன். அழித்தேன். மறுபடி தட்டி, மறுபடி அழித்தேன்.

துக்கம் கேட்கப் போனேன். அவர் மனைவி பாண்டியம்மா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, “எந்தத் தெருத்தா நீயி?” என்று கேட்டார். பஸ் ஸ்டாண்டு பக்கம் என்று சொன்னேன். அது பொய். இப்போது கருமாதியும் முடிந்துவிட்டது. தாமதமாகத்தான் எழுதுகிறேன். அண்ணனோடு வேலை பார்த்தவர்களும் எங்கள் தெருக்காரர்களும் இதைப் படிக்க வேண்டும்.

பேரூராட்சியின் குப்பை வண்டிகள், தண்ணீர் லாரி, டிராக்டர் எல்லாம் நிற்கும் ஷெட், எங்கள் வீட்டுக்கு எதிர்ச் சுவருக்குள் இருக்கிறது. வீடுகளுக்கு நடுவே வண்டிகளை நிறுத்துவதென்றால் அதற்கு வரைபடம் உண்டு, விதி உண்டு. கேட்டைத் தெருவிலிருந்து உள்வாங்கி வைக்க வேண்டும். சுவருக்கும் வண்டிக்கும் நடுவே பத்தடி விட வேண்டும். கழுவிய எண்ணெய்த் தண்ணீர் ஊருணிப் பக்கம் போகக் கூடாது. ஷெட்டின் பொறுப்பாளரான அண்ணன் அந்த வரைபடத்தைத் தரையிலேயே வைத்திருந்தார். திங்கட்கிழமைதோறும் சுண்ணாம்புத்தூளால் கோடு போடுவார். உள்ளே நுழையும் வண்டி அந்தக் கோட்டைச் சுற்றி, கேட்டைப் பார்க்கத் திரும்பி நிற்க வேண்டும். “மூஞ்சியக் காட்டித்தான் தெருவுக்குள்ள வரணும். முதுகுக்கு ஏதுடா கண்ணு?” என்று ஓட்டுநர்களிடம் அவர் சொல்வது எங்கள் அடுப்படி வரை கேட்கும்.

இன்னொன்று, துக்க வீட்டில்தான் எனக்குத் தெரிந்தது. தண்ணீர் லாரி ஓட்டும் செல்வம் சொன்னார். நாலு வருஷத்துக்கு முன்னால், விடியற்காலையில் எங்கள் தெரு தாண்டும்வரை யாரும் ஹாரனில் கை வைக்கக் கூடாது என்று அண்ணன் உத்தரவு போட்டிருக்கிறார். ஏன் என்று கேட்டதற்கு, “மாடி வீட்டுல பச்சப்புள்ள வந்திருக்குடா” என்றாராம். அந்த மாடி வீடு எங்களுடையது. அந்தப் பச்சைப்பிள்ளை என் மகள் இனியா.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், அந்த மாடியில் நின்றுதான் நான் லாரியைப் பார்த்தேன். ஓடாது என்று ஒதுக்கிய பழைய குப்பை லாரி, பத்தடி விடாமல், சுவரை ஒட்டியே நின்றது. சுவருக்கு இந்தப் பக்கம் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். சுவர் சாய்ந்தால்? லாரிக்குள் பாம்பு அடைந்தால்? எனக்கு எதைப் பார்த்தாலும் இனியாவுக்கு என்ன ஆகுமோ என்றுதான் ஓடும். தெருவில் சொன்னேன். “நீதான் சிவில் படிச்ச புள்ள, நீயே பேரூராட்சிக்கு மனு எழுது” என்றார்கள். எழுதினேன். விதியைக் காட்டி, அளவைக் காட்டி, மாடியிலிருந்து தெரிகிறபடி படமும் வரைந்து, கடைசி வரியில் ‘இது பொறுப்பாளரின் அலட்சியம்’ என்று முடித்தேன். தெருவே கையெழுத்துப் போட்டது. என் கையெழுத்தை மட்டும் முதலில் போடாமல், நடுவில் இடம் பார்த்துப் போட்டேன்.

அலுவலகத்திலிருந்து வந்து அளந்தார்கள். லாரியை இழுத்துப் போனார்கள். அன்றைக்கே அண்ணனை ஊருக்கு வெளியே உள்ள உரக்கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். அவர் ஒன்றும் எதிர்த்துப் பேசவில்லையாம்.

லாரி ஏன் அங்கே நின்றது என்பது பிறகுதான் தெரிந்தது. மழையில் செங்கல் சரிந்து சுவரின் அடியில் ஒரு ஓட்டை. ஒரு பிள்ளை குனிந்து நுழையலாம். தெருப் பக்கம் நொச்சிப் புதர் மறைத்திருந்ததால் பெரியவர்கள் யாரும் பார்க்கவில்லை. பிள்ளைகளுக்கு அதெல்லாம் ஒரு மறைப்பா? அடைத்துத் தரச் சொல்லி அண்ணன் இரண்டு முறை எழுதிக் கொடுத்தும் ஆள் வரவில்லை. அதனால்தான் லாரியைத் தள்ளிக்கொண்டுபோய் அங்கே நிறுத்தியிருக்கிறார்.

மறுநாள் காலை இனியா பூனைக்குட்டியின் பின்னால் அந்த ஓட்டை வழியாக உள்ளே போய்விட்டாள். சாவியை ஒப்படைக்க வந்திருந்த அண்ணன்தான் கண்டு, தண்ணீர் லாரி கிளம்புவதற்குள் அவளைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். பிள்ளையின் சட்டையெல்லாம் அவர் கைக் கிரீஸ்.

“ஒண்ணுமில்லத்தா, பயப்படாதீக. அந்த ஓட்டைய மட்டும் இன்னைக்கே அடைக்கச் சொல்லுங்க” என்றார். படியிறங்கியவர் நின்று, எங்கள் மாடியை ஒரு தடவை பார்த்தார்.

“மனுவ நல்லாத்தான் எழுதியிருந்தீக. பத்தடி விடாதது தப்புத்தான். அங்குட்டு மாடியில இருந்து பார்த்தா அம்புட்டுத்தான் தெரியும். இங்குட்டு வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பேசித் தப்பித்திருப்பேன். நன்றி என்று மட்டும் சொன்னேன். மன்னிப்பு என்ற சொல் வாய்வரை வந்து நின்றுவிட்டது. அடுத்த வாரம் போய்க் கேட்போம், பிள்ளைக்குக் காய்ச்சல் விடட்டும், பள்ளிக்கூடம் திறக்கட்டும் என்று ஒன்றரை வருஷம் ஓட்டினேன். ஒருமுறை புதுவயல் பஸ் நிற்கும் இடத்தில் அவரைப் பார்த்தேன். குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டேன். அவரும் பார்த்தார். பார்க்காதது மாதிரி சுண்டல் கடைப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குச் சங்கடம் வரக் கூடாது என்றுதான் திரும்பினார்.

போன வாரம் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போய் இன்னொரு மனு கொடுத்தேன். பழைய மனுவில் ‘அலட்சியம்’ என்று நான் எழுதியது உண்மையல்ல, இதையும் அதே கோப்பில் சேர்க்க வேண்டும் என்று. “ஆளே போயிட்டாரேம்மா, இனி எதுக்கு?” என்றார் எழுத்தர். வாங்கிக்கொள்ளும்வரை நின்றேன். அதில் ஒரே கையெழுத்து, என்னுடையது.

சுவரில் அந்த ஓட்டையை அடைத்த இடம் மட்டும் புது நிறத்தில் இருக்கிறது. பள்ளிக்கூடம் போகும்போது இனியா அதைத் தொட்டுவிட்டுத்தான் நடப்பாள். நானும் நின்று, அவள் தொட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். யார் மேலாவது குறை சொல்ல வாயெடுத்தால், இங்குட்டு வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல என்ற அந்தக் குரல் முன்னால் வந்து நிற்கிறது. அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அதுதான். அதோடு, முழுசாக என் பிள்ளையும்.

பாண்டியம்மா அக்கா, எந்தத் தெரு என்று கேட்டீர்கள். நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் இல்லை. ஷெட்டுக்கு எதிரே, அந்த மாடி வீடு.