முந்திரிக்கொத்தோடு அரண்மனை பார்க்கப் போன நாள்

பள்ளிக்கூட லீவில் என் மகனை எங்கேயாவது கூட்டிப்போகலாம் என்று அண்ணன் சொன்னபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. தன் சொந்தப் பிள்ளைகளை நாகர்கோவில் பார்க்குக்குக்கூடக் கூட்டிப்போகாத ஆள் அவர்.

“எதுக்கு?” என்று கேட்டேன்.

“எதுக்கா? பிள்ளை அரண்மனை பாக்காண்டாமா? பத்மநாபபுரம் இந்தா கெடக்கு. எங்கெங்க இருந்தோ வந்து பாத்துட்டுப் போறான்.”

சமையலறையில் அம்மா முந்திரிக்கொத்து செய்துகொண்டிருந்தாள். பாசிப்பயறை வறுத்து இடித்து, வெல்லப்பாகில் உருட்டி, மாவில் முக்கிப் பொரித்தெடுப்பதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும். எங்கள் பக்கம் கல்யாணத்துக்கும் தீபாவளிக்கும் செய்கிற பலகாரம் அது. ஊர் சுற்றப் போகிறவர்கள் புளியோதரை கட்டுவார்கள். முந்திரிக்கொத்தைத் தூக்கிக்கொண்டு யாரும் போகமாட்டார்கள். போதாததற்கு எனக்கு ஒரு புதுச்சேலை வேறு. என்னைப் பெண் பார்க்க எவனோ வருகிறான் என்று முடிவு கட்டினேன்.

கணவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. இடையில் வந்த வரன்களுக்கெல்லாம் நான் வேண்டும், என் மகன் வேண்டாம். ‘பையன் பாட்டி வீட்டில் வளரட்டுமே’ என்று ஒரு தரகர் தேன் ஒழுகச் சொன்னார். அவர் பாதி குடித்திருந்த காப்பியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் நேராக அந்தப் பேச்சை எடுப்பதில்லை. இப்போது அரண்மனை வழியாகச் சுற்றி வருகிறார்கள். வரட்டும், பார்த்துக்கொள்கிறேன் என்று மகன் கையைப் பிடித்தபடி அண்ணன், அம்மாவோடு காரில் ஏறினேன்.

அரண்மனை முகப்பு மண்டபத்தின் மரக்கூரை முழுக்கச் செதுக்கிய பூக்கள். ஒன்று மாதிரி இன்னொன்று இருக்காது என்பார்கள். ஒரே மாதிரி இரண்டு பூவைக் கண்டுபிடித்தே தீருவேன் என்று மகன் அந்த வழவழத்த கறுப்புத் தரையில் மல்லாந்து படுத்துவிட்டான். கேரள அரசின் காவலர் மலையாளத்தில் அதட்டியதும் எழுந்து, கழுத்தை ஒடித்துக்கொண்டு தேடினான். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அங்கே இதைவிட நல்ல விளையாட்டு கிடையாது. கண்ணாடி போட்ட ஒரு சிறுமி அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அந்த மூலை நான் பாத்தாச்சு. நீ இந்தப் பக்கம் பாரு,” என்றாள். இருவரும் கூட்டுச் சேர்ந்துவிட்டார்கள்.

நான் தேடியது பூவை அல்ல. சலவை வேட்டி கட்டிய ஒருவர் ராஜா மந்திரிகளோடு கூடிய மந்திரசாலை வரை எங்கள் பின்னாலேயே வந்தார். நான் முறைத்த முறைப்பில் அவர் மனைவி அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ஊட்டுப்புரை என்கிற சாப்பாட்டுக்கூடத்தில் இன்னொருவர் என் பக்கமாகப் போனைத் தூக்கினார். சண்டைக்குத் தயாராகத் திரும்பினால், எனக்குப் பின்னால் பெரிய பெரிய ஊறுகாய் ஜாடிகள். அந்தச் சிறுமியின் அப்பாவை மட்டும் நான் சட்டை செய்யவில்லை. அவர் என் முகத்தை நிமிர்ந்தே பார்க்காமல், பிள்ளைகள் ஓடுகிற பக்கமெல்லாம் ஓடிக்கொண்டிருந்தார்.

வெளியே மரத்தடியில் அம்மா தூக்குவாளியைத் திறந்து முதல் முந்திரிக்கொத்தை அந்தச் சிறுமிக்குக் கொடுத்தாள். அவள் அதைத் தின்னாமல் என் முன்னால் வந்து நின்றாள். மறுகையில் இருந்த தண்ணீர் பாட்டிலை என் மடியில் கவிழ்த்துவிட்டாள். கைதவறியது மாதிரி தெரியவில்லை. என் கை மேலே போய்விட்டது. அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். அதைப் பார்த்ததும் கை தானாக இறங்கியது.

“இங்க வாட்டி மக்கா,” என்று தண்ணீர் தெறித்து நனைந்திருந்த அவள் பாவாடையைப் பிழிந்துவிட்டேன். புதுச்சேலை போச்சே என்று உள்ளுக்குள் எரிந்தது. அவள் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு ஓடினாள்.

திரும்பி வரும்போது காரில் வெடித்தேன். “எவன் அவன்? எங்க ஒளிஞ்சு நின்னு பாத்தான்?”

“அந்தக் கண்ணாடி போட்ட பிள்ளைக்க அப்பாதாம்ட்டி,” என்றாள் அம்மா. “தாயில்லாத பிள்ளை. ரெண்டு பிள்ளையளும் சேருமாண்ணு பாத்துட்டு ஒனக்கிட்ட சொல்லலாம்ணு இருந்தோம். ஒனக்க மவன விட்டுட்டு வரச் சொல்லல்ல. அவரு மொதல்ல கேட்டதே அவனத்தான்.”

அப்போது மகன் சொன்னான். “அம்மா, அவ வேணும்னுதான் தண்ணி ஊத்தினா. புது அம்மா வந்தா அடிப்பாங்கன்னு அவளுக்க அத்தை சொன்னாங்களாம். நீ அடிப்பியான்னு பாத்தா.”

நாள் முழுக்க நான் ஊர் ஆண்களையெல்லாம் வேவு பார்த்தேன். ஒரு குழந்தை பயந்து பயந்து என்னை வேவு பார்த்திருக்கிறது. மகன் பக்கம் திரும்பினேன்.

“நீ என்ன சொன்ன அவளுக்கிட்ட?”

“சத்தம் போடுவாங்க, அடிக்க மாட்டாங்கன்னு சொன்னேன். அவ நம்பல்ல.”

கார் வில்லுக்குறி தாண்டியது. பிறகு அண்ணன்தான் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“அடுத்த ஞாயித்துக்கிழமை முட்டம் போவமா? பிள்ளையளுக்கு லைட்ஹவுஸ் காட்டலாம்.”

இந்த முறை எதுக்கு என்று நான் கேட்கவில்லை.

“அந்தப் பிள்ளைக்கு மாத்துடுப்பு எடுத்துட்டு வரச் சொல்லுண்ணே,” என்றேன். “கடல்ல நனைஞ்சிரும்.”