ஐந்து எலிகளோடு சபாக்குக்கு ஒரு பஸ் பயணம்

1985 டிசம்பர் பள்ளி விடுமுறையில் நான் சபாக் போனது ஊர் சுற்ற அல்ல, அத்தானின் வேலையைக் காப்பாற்ற. அக்கா கணவர் அங்கே செம்பனைத் தோட்டத்தில் மண்டோர், அதாவது ஆட்களை வேலை வாங்கும் மேஸ்திரி; எலி மருந்து வைப்பது அவர் பொறுப்பு. மருந்து தீர்கிறது, எலி சாகவில்லை. தோட்ட மேனேஜர் துரை விசாரித்தபோது மனுசன், "எலிக்கு மருந்து பழகிப்போச்சுங்க" என்று சொல்லித் தொலைத்தார். குறைத்து வைத்துப் பழக்கிவிட்டு மிச்சத்தை விற்றாயா என்று துரை பிடித்துக்கொண்டார். மாதக் கடைசியில் சீட்டுக் கிழிந்துவிடும் என்று அக்கா அழுதாள்.

நான் கோலசிலாங்கூர் பக்கம் தமிழ்ப்பள்ளி டீச்சர். எங்கள் தோட்டத்தில் பொறி மட்டும்தான், மருந்தே வைத்ததில்லை. ஐந்து எலிகளைப் பிடித்து, கம்பிக்கூட்டில் போட்டுத் துணி சுற்றி, காலை 7.15 பஸ் ஏறினேன். 65 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம், இரண்டு வெள்ளி நாற்பது காசு.

"என்னா டீச்சர் கூட்டுல?" என்றார் கண்டக்டர்.

"கோழிக்குஞ்சுலா."

அந்த நேரம் பார்த்துத் துணி விலகியது. "உங்க ஊர் கோழிக்கு வாலெல்லாம் இருக்கா?" என்று கடைசி சீட்டுக்கு விரட்டிவிட்டார்!

அன்றே ஸ்டோரில் துரை கண்ணெதிரே என் எலிகள் ஒரு கூட்டில், அவர் தோட்டத்து எலிகள் ஐந்து இன்னொரு கூட்டில். ஒரே பெட்டி மருந்து, சாவி துரையிடம். பத்தாவது நாள் திறந்தால் என்னுடையவை ஐந்தும் செத்திருந்தன. அவருடையதில் ஒன்றுதான் போயிருந்தது. மற்ற நான்கும் கொழுகொழுவென்று இருந்தன.

"அப்ப பழகினதுதானே?" என்றார் துரை.

"பழகலீங்க துரை. சாகுற எலி முக்காவாசி எப்பவோ செத்துப்போச்சு. தாங்குற உடம்போட பொறந்த ஒண்ணு ரெண்டு பொழைச்சுக் குட்டி போட்டுச்சு. இங்க இருக்கறது பெரும்பாலும் அதுங்க வாரிசு. எங்க ஊர்ல மருந்தே இல்ல; எல்லா எலியும் பொழைச்சுக்கிட்டு இருந்துச்சு. நடுவுல அறுபத்தஞ்சு கிலோமீட்டர், ரெண்டும் சம்பந்தம் பண்ணிக்க வழியுமில்ல. அத்தான் மருந்தை ஏமாத்தியிருந்தா, சாகுற எலி இன்னும் நெறைய இருந்திருக்கும்."

துரை கணக்கெழுதும் கிராணியைக் கூப்பிட்டு, அத்தான் மேல் எழுதிவைத்த புகாரை அடிக்கச் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இப்போது போகிறவர்கள் காலை பஸ்ஸையே பிடியுங்கள்; வலப்பக்கம் உட்கார்ந்தால் வழியில் நெல்வயல் பார்க்கலாம். கட்டணத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். எலி கொண்டுபோனால் துணியை இறுக்கிக் கட்டுங்கள்.

அத்தான் அதற்குப் பிறகு 'பழகிப்போச்சு' என்ற வார்த்தையையே எடுப்பதில்லை. அக்கா சமையல் பழகிவிட்டதா என்று யாராவது கேட்டால், "பழகல. பொழைச்சுக் கெடக்கேன்" என்பார்.