சுடாத கோப்பையில் ஓர் எதிர்ச்சொல்

சூளைக்குப் போகாத டீக் கோப்பையை நீங்கள் கையில் எடுத்துப் பார்த்திருக்க மாட்டீர்கள். சாம்பல் நிறத்தில், தொட்டால் சில்லென்று இருக்கும். ஆணியால் கீறினால் எழுத்து அழகாக விழும். விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறையில் கோப்பைகளின் விளிம்பைச் சீவும் வேலை பார்த்த காலத்தில், நானும் உங்கள் மாமாவும் இங்கிலீஷ் படித்தது அந்தக் கோப்பைகளில்தான்.

எனக்குப் பகல் ஷிப்ட், அவருக்குச் சாயங்கால ஷிப்ட். இருவருக்கும் ஒரே மேசை. ஸ்டோரில் ஒரு குமாஸ்தா வேலை காலியானது. பரீட்சை வைத்து, உள்ளேயே ஆள் எடுப்பதாகச் சொன்னார்கள். ஷிப்ட் கிடையாது, மண்தூசி கிடையாது, வேலையும் நிரந்தரம். ஆனால் இருந்தது ஒரே ஓர் இடம். பள்ளிப் படிப்பை முடித்திருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். ஒரு பக்கம் அண்ணன், ஒரு பக்கம் புருஷன். யாருக்காக வேண்டிக்கொள்வது என்று உங்கள் அம்மாவுக்குத் தெரியவில்லை.

கடினமான சொற்களைக் கொடுத்து, ஒத்த சொல்லும் எதிர்ச்சொல்லும் கேட்பார்கள் என்று தெரிந்தது. ஜங்ஷன் கடையில் இருவரும் சேர்ந்து ஒரு கைடு வாங்கினோம். ஒரு வாரம் என்னிடம், ஒரு வாரம் அவரிடம். புத்தகம் யாரிடம் இருக்கிறதோ அவர், சீவும்போது பழுதான கோப்பையில் ஒரு சொல்லைக் கீறி மேசை ஓரத்தில் வைத்துவிட்டுப் போவார். அடுத்து வருகிறவர் வலப்பக்கம் ஒத்த சொல்லும், இடப்பக்கம் எதிர்ச்சொல்லும் கீற வேண்டும். சரிபார்த்த பிறகு கோப்பை கரைசல் தொட்டிக்குப் போய்விடும். சுடாத மண்தானே, கரைந்து மறுபடியும் கோப்பையாகும். ‘அபண்டன்ட்’ என்ற ஏராளத்தையும் ‘ஸ்கேர்ஸ்’ என்ற பஞ்சத்தையும் ஒரே தொட்டியில் கரைத்தோம். நான் தப்பாக எழுதினால், மறுநாள் கோப்பைக்கு இரண்டு கழுதைக் காது ஒட்டியிருக்கும்.

ஒரே பொருளுக்கு எதற்கு இத்தனை சொல் என்று ஒரு நாள் வாசலில் அவரைக் கேட்டேன்.

“தேங்கா ஒண்ணுதான். சட்னி வேற, துவையல் வேற இல்லியா மச்சான்?” என்றார். வாரக்கணக்கில் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

பரீட்சையில் அவர் தேறினார். நான் தேறவில்லை. ஷிப்ட் மாறும் நேரத்தில் வாசலில் அவரைப் பார்த்துச் சிரித்தேன். சிரிப்பு கன்னத்தோடு நின்றுவிட்டது. எனக்குள் இருந்ததற்கு இங்கிலீஷில் என்ன பெயர் என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. வீட்டில் கைடைப் புரட்டினேன். ‘என்வி’. பொறாமை. ஒத்த சொல் இரண்டு போட்டிருந்தது. எதிர்ச்சொல் கட்டத்தில் வெறும் கோடு. நிஜமாகவே இதற்கு எதிர்ச்சொல் கிடையாதா, இல்லை புத்தகம் போட்டவருக்குத் தெரியவில்லையா? மறுநாள் அந்தச் சொல்லைக் கீறி மேசை ஓரத்தில் வைத்துவிட்டு வந்தேன். அவருக்கு அந்த மேசையில் அன்றுதான் கடைசி ஷிப்ட்.

காலையில் போய்ப் பார்த்தேன். வலப்பக்கம் ஒன்றும் இல்லை. இடப்பக்கம் தமிழில் கீறியிருந்தார்: ‘சாயங்காலம் வூட்டுக்குச் சாப்பிட வரேன்.’

இப்போது நீங்கள் வைத்திருக்கும் பெரிய அகராதியில் அந்தச் சொல்லுக்கு எதிர்ச்சொற்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தேன். எதையும் தப்பென்று சொல்ல எனக்குப் படிப்புப் போதாது.

அன்று சாயங்காலம் சொன்னபடியே வந்தார். உங்கள் அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. “என்னண்ணே, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிற?” என்றாள்.

“மச்சான்கிட்ட எழுதிக் குடுத்துட்டுத்தாம்மா வந்தேன்” என்று சொல்லிக்கொண்டே கை கழுவி உட்கார்ந்தார்.

கருவாட்டுக் குழம்பு. தட்டு காலியானதும் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். உங்கள் அம்மா எழுவதற்குள் நான் எழுந்துவிட்டேன்.