இரவல் மாமா

எனக்குப் பெரியப்பா மகளைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். அழகு, மார்க்கு என்று அவளிடம் பெரிதாக ஒன்றும் கிடையாது. அவளுக்குப் பக்கத்து ஊரான பெருநகரில் ஒரு தாய்மாமன் இருந்தார், அவ்வளவுதான். உத்திரமேரூரில் எங்கள் தெருவில் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு முறை. என்னில் பாதி மட்டும் அதில் சேராது. போர்வெல் வண்டியோடு சத்தீஸ்கர் போன அப்பா, அங்கே அம்மாவைக் கல்யாணம் செய்து கூட்டி வந்தார். அம்மா எவ்வளவு நன்றாகத் தமிழ் பேசினாலும் தெருவுக்கு அவர் இந்திக்காரம்மாதான்.

பெரியப்பா மகள் வயதுக்கு வந்தபோது, மஞ்சள் நீராட்டுக்கு அவள் மாமா மேளதாளத்தோடு வந்தார். தட்டுத் தட்டாகச் சீர். தன் கையால் மாலை போட்டு, "எங்க வூட்டு மகாலட்சுமி" என்று கன்னத்தைக் கிள்ளினார். அதற்கு அவள் தலையைக் குனிந்து வெட்கப்பட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டேன். பாயசம் எனக்கு உயிர்; அதுவும் போனதில் எரிச்சல் இன்னும் கூடியது.

அடுத்த வருடம் என் முறை. மாலை யார் போடுவது?

"இதுல இன்னா பேஜாரு? எங்க அண்ணனே போட்டுடட்டும். இவளுக்கும் மாமன் முறைதானே?" என்றார் பெரியம்மா. நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது. அவள் பழைய பாவாடை, அவள் பழைய சைக்கிள், இப்போது அவள் மாமாவுமா?

"எனுக்கு எங்க மாமாதான் வேணும்" என்று அடம்பிடித்து அழுதேன். அம்மாவின் அண்ணனை நான் பார்த்ததே இல்லை. ஃபோனில் குரல்தான் தெரியும். அம்மா அவருக்கு நெடுநேரம் இந்தியில் விளக்கினார். வருவாரா என்பது அம்மாவுக்கே தெரியவில்லை.

வந்தார். ரயிலும் பஸ்ஸும் மாறி, விழா அன்று காலையில், கசங்கிய சட்டையும் ஒரு துணிப்பையுமாக வந்து நின்றார். தட்டு இல்லை, சீர் இல்லை. பைக்குள் எனக்கு ஒரு புடவை மட்டும் இருந்தது. பெரியப்பா மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

மாமாவிடம் மாலையைக் கொடுத்தார்கள். போட்டார். பிறகு யாரும் எதிர்பார்க்காமல் குனிந்து, என் இரண்டு கால்களையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அப்பா ஏற்பாடு செய்திருந்த மேளம் நின்றேவிட்டது. "ஐயையோ, பெரிய மனுசன் பொண்ணு கால்ல வுழுறாரே!" என்று பெரியம்மா ஓடி வந்தார்.

அம்மா பதறவில்லை. "எங்க ஊர்ல தங்கச்சி புள்ளைங்கதான் மாமனுக்கு சாமி. காலைத் தொட்டுக் கும்புடணும்" என்றார். அம்மா தெருவின் முன்னால் 'எங்க ஊர்' என்று சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

நான் அம்மாவையும் பார்க்கவில்லை, மாமாவையும் பார்க்கவில்லை. கூட்டத்தில் அவளைத்தான் தேடினேன். அவள் தன் மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"நீ மட்டும் ஏன் மாமா என் கால்ல வுழல?"