பிட்சில் நான் ஊற்றிய தண்ணீர்

"…சாவி சொருக்குனு எறங்குதுண்ணா. ஈரந்தான். முருகனையே போடுங்க, இன்னிக்கி வேகத்துக்குத்தான் வேலை. எனக்காக பேஜாராவாதீங்க" என்றான் ரியாஸ், பிட்சில் குத்திய பைக் சாவியை உருவிக்கொண்டே.

அந்த ஈரம் நான் ஊற்றியது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். இனி நீங்கள் என்னை எப்படிப் பார்த்தாலும் சரி.

விழுப்புரம் அணிக்கு நான் கேப்டன். திண்டிவனத்தில், திண்டிவனத்துக்காரர்களோடு இரண்டு நாள் ஆட்டம். சிவப்புப் பந்து, வெள்ளை உடுப்பு, அணிக்கு இரண்டு இன்னிங்ஸ்… எங்கள் பக்கம் அதற்கு 'டெஸ்ட்டு' என்றே பெயர். பத்துப் பேர் முடிவாகிவிட்டார்கள். மிச்சம் ஓர் இடம். வேகப்பந்து முருகனா, சுழற்பந்து ரியாஸா?

ரியாஸ் கோட்டக்குப்பத்துக்காரன். இடது கைச் சுழல். அவனுடைய அண்ணன் துபாயில் இவனுக்கு ஒரு வேலை பார்த்து வைத்து, விசாவும் அனுப்பியிருந்தார். இந்த ஆட்டத்தைப் பார்க்கவோ சென்னைக் கிளப் ஒன்றிலிருந்து ஒருவர் வருவதாக இருந்தது. பிடித்துப்போனால் ஆட்டத்தோடு வேலையும் கொடுப்பார்கள்.

"இந்த ஒரு மேட்ச் முடியட்டும்னு அண்ணங்கிட்ட கெஞ்சிக்கினு இருக்கேன். எடுத்தா இங்கயே இருப்பேன். இல்லன்னா மூட்டையக் கட்டிர்றேண்ணா" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தான். அந்தச் சிரிப்புக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாதா?

முந்தின நாள் மாலை, மைதானத்தைப் பார்த்துக்கொள்பவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மண்ணு காஞ்ச மல்லாட்டைத் தோலு மாதிரி இருக்குதுங்க. நாளைக்கி மதியத்துக்கு மேல உதிரும். சுத்தறவங்க ரெண்டு பேரு வெச்சிக்கோங்க." மல்லாட்டை என்றால் எங்கள் பக்கம் வேர்க்கடலை.

மனிதர்கள் போகிற போக்கில் இப்படிச் சொல்வதையெல்லாம் ஆசையாகப் பொறுக்கி, நாலு பேரிடம் சொல்லி மகிழ்கிறவன் நான். அதையும் பொறுக்கிக்கொண்டேன்… யாரிடமும் சொல்லவில்லை.

ஏன்? நானும் சுழற்பந்து போடுகிறவன்தான். ஒரு முனையில் அவன் போட்டால், மறுமுனையில் போடும் என்னை யார் பார்ப்பார்கள்? எனக்கு வயது தாண்டிவிட்டது. எந்தக் கிளப்பும் என்னை எடுக்கப்போவதில்லை. அது தெரியும். தெரிந்தும்…

பிட்சைச் சோதிக்க எங்களிடம் இருக்கும் ஒரே கருவி பைக் சாவி. குத்தினால் இறங்குகிறதா, ஈரம், வேகப்பந்து. முட்டி நிற்கிறதா, காய்ந்த தரை, சுழல். அவ்வளவுதான் எங்கள் விஞ்ஞானம்.

காலையில் எல்லோருக்கும் முன்னால் போனேன். மைதானக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். பந்து குத்தும் இடமாகப் பார்த்து, கையிலிருந்த பாட்டில் தண்ணீரை ஊற்றி, மேலே காய்ந்த மண்ணைத் தூவினேன். பையன்கள் வந்ததும், "நீங்களே குத்திப் பாருங்கடா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றேன்.

என்ன ஒரு நியாயவான்!

ஆளாளுக்குக் குத்தினார்கள். கடைசியாக ரியாஸும் தன் சாவியைக் குத்தினான். தனக்கு எதிராகத் தானே தீர்ப்புச் சொன்னான்.

வெயில் ஏறியதும் ஈரம் போய்விட்டது. முருகன் ஓடி வந்து போட்டுப் போட்டு ஓய்ந்தான். இரண்டாம் நாள் மண் உதிர்ந்தது. என் பந்து திரும்பியது, விக்கெட்டுகள் சரிந்தன, ஜெயித்தோம். "கேப்டன் சுத்தன சுத்துல திண்டிவனத்துக்கே தலை சுத்திக்கிச்சி" என்று பையன்கள் என்னைத் தோளில் தூக்கினார்கள்.

சென்னைக்காரர் வந்து கை கொடுத்தார். "இந்த பிட்ச்சுக்கு இன்னொரு ஸ்பின்னர் இருந்திருக்கணுமே. உங்ககிட்ட யாரும் இல்லியா?"

கூப்பிடு தூரத்தில் ரியாஸ், எல்லோருடைய பேடுகளையும் பையில் அடுக்கிக்கொண்டிருந்தான்.

"இல்லிங்க சார்" என்றேன்.

தண்ணீர் ஊற்றியதையாவது அவசரத்தில் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இந்தச் சொல்லை…?

ரியாஸ் துபாய் போய்விட்டான். பெருநாளுக்குப் பெருநாள் போன் செய்கிறான். "இன்னாண்ணா, இன்னும் சுத்திக்கினுதான் இருக்கீங்களா?" நானும் சிரிக்கிறேன். சொல்லிவிடலாம் என்று வாய் வரை வருகிறது. சொன்னால் என் பாரம் குறையும், அவனுக்கு என்ன திரும்பி வரும் என்று விழுங்கிவிடுகிறேன். கோழைத்தனத்துக்குக் கருணை என்று பெயர் வைக்க எனக்கு நன்றாகவே தெரியும்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அது உங்களுடையதும் அல்ல, கொடுப்பதற்கு. அன்று காலை நடந்ததில் ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. ஆட்டம் கூட எனக்கு மங்கிவிட்டது, அது மங்கவில்லை.

முருகனையே போடச் சொன்ன ரியாஸ், திரும்பி முருகனின் கால்களைப் பார்த்தான். முருகனுடைய ஷூ அடிப்பக்கம் வாய் பிளந்திருந்தது. ரியாஸ் அங்கேயே தரையில் உட்கார்ந்தான். அந்த ஆட்டத்துக்கென்றே வாங்கிய தன் புது ஷூக்களைக் கழற்றி, கூச்சப்பட்டு நின்ற முருகனின் காலை இழுத்துப் பிடித்து மாட்டி, கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டான்.